ஸ்ட்ரெய்ட் எய்ட் எஞ்சினுக்கு சூப்பர்சார்ஜர் போட்டுக் கட்டுறது எப்பிடி

சூப்பர்சார்ஜர் எண்டது எஞ்சினின்ர சுத்தாலேயே ஓடி, காத்தை அமுக்கி சிலிண்டருக்குள்ள தள்ளுற பம்ப். இந்த வேலைக்கு வெளிக்கிடுற ஆக்கள் எல்லாரும் முதல் கேக்கிறது எத்தினை பிஎஸ்ஐ பூஸ்ட் (அப்பிடித் தள்ளுற காத்தின்ர மேலதிக அழுத்தம்) எடுக்கலாம் எண்டுதான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையில நிக்கிற எஞ்சின் இது, முன்னுக்கு ரேடியேட்டரோட ஒட்டி நிக்கிற 1ம் சிலிண்டருக்கும் பின்னுக்கு 8ம் சிலிண்டருக்கும் ஒரே அளவு காத்து, ஒரே அளவு பெற்றோல், ஒரே அளவு தண்ணி போகவேணும், முழு வேலையும் அதுதான், மற்றதெல்லாம் தானா வரும்.

எந்த எஞ்சின் எடுக்கிறது? 1932ல வந்த டியூசன்பெர்க் எஸ்ஜே (320 குதிரைவலு), 1935 ஆபர்ன் 851 (150 குதிரைவலு) ரெண்டும் கம்பனியிலேயே சூப்பர்சார்ஜரோட வந்த ஸ்ட்ரெய்ட் எய்ட், ஆனா அதெல்லாம் எங்கட கைக்கு வராது. பொன்டியாக், பெக்கார்ட் எட்டு ரெண்டும் பிளாட்ஹெட், வால்வு புளொக்குக்குள்ள இருக்கிறதால சூடு கூட. நான் சொல்றது பியூக். 1931ல இருந்து 1953 வரைக்கும் செஞ்சவங்கள், வால்வு மேல ஹெட்டில இருக்கு. அதிலயும் 1950ல வந்த 263 கியூபிக் இஞ்சி, அதாவது 4.3 லீட்டர் எஞ்சின் கிடைச்சால் விடாதீங்கோ, கொனெக்டிங் ரொட்டில கழட்டி மாத்துற ஷெல் பெயாரிங். அதுக்கு முந்தின 1930கள், 40கள் எஞ்சின்ல ரொட்டுக்கு ஈயக் கலவை உருக்கி ஊத்தின பெயாரிங், அதுக்கு பூஸ்ட் குடுக்க எனக்கு மனம் வராது. என்ர எஞ்சின் நீர்கொழும்புப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்துக் கொட்டில்ல கிடந்தது, கையால சுத்தினால் அசையேல்ல, அப்பிடி இருந்தும் நல்ல எஞ்சின்தான்.

கழட்டி முடிச்சதும் முதல் பாக்க வேண்டியது தண்ணி ஓடுற பாதை. இங்க அந்தக் காலத்தில ஆரும் கூலன்ட் ஊத்தினதில்ல, கிணத்துத் தண்ணி, பைப் தண்ணிதான். அந்தத் துரு எல்லாம் பின்னுக்கு 7ம் 8ம் சிலிண்டருக்குப் பக்கத்தில போய் இறுகிப்போய் இருக்கும். வெல்ஷ் பிளக் (புளொக்கில தண்ணிப் பாதை ஓட்டைகளை மூடுற தகட்டு மூடி) எல்லாத்தையும் தட்டி எடுத்துட்டு, பழைய சைக்கிள் பிரேக் கேபிளை நுனியில பிரிச்சு டிரில்ல மாட்டி உள்ள விட்டு சுரண்டினன், ரெண்டு பின்னேரம், ஒரு பால்மாப் பேணி நிறைய கறுப்புத் துரு வந்தது. கெமிக்கல் குளியல் போட்டாலும் இது முழுசா வராது, கையாலதான் எடுக்கவேணும். பிறகு டை ஸ்ப்ரே அடிச்சு புளொக், ஹெட் ரெண்டிலயும் வெடிப்பு பாருங்கோ, முக்கியமா வால்வு சீட்டுகளுக்கு நடுவில. ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில 2002ல நிண்டது, அதால எக்சோஸ்ட் வால்வுக்கு கடினமான சீட் ரிங் அடிச்சே ஆகவேணும்.

மெசின் வேலைக்கு சின்னக் கார் எஞ்சின் செய்யிற இடத்துக்குப் போகாதீங்கோ, இந்த கிராங்கும் ஹெட்டும் அவங்கட மெசினுக்குள்ள அடங்காது. கொழும்பில கிராண்ட்பாஸ், பஞ்சிகாவத்தைப் பக்கம் பஸ், லொறி எஞ்சின் செய்யிற இடமாப் பாருங்கோ, பெரிய கிராங்க் கிரைண்டர் அங்கதான் இருக்கும். கிராங்கை எப்பவும் நிமித்தி நிக்க வையுங்கோ, இல்லாட்டி தொங்க விடுங்கோ. நான் குடுத்த ஒரு இடத்தில கிரைண்ட் பண்ணிட்டு ரெண்டு கட்டையில படுக்க வச்சு ஒரு மாசம் விட்டுட்டாங்கள், எடுத்துவந்து ரெண்டு நுனியையும் வீ புளொக்கில வச்சு நடுவில டயல் கேஜ் புடிச்சால் 0.12 மில்லிமீற்றர் ஆட்டம். 0.05க்கு மேல போகக்கூடாது. திரும்ப நேராக்கி, திரும்ப கிரைண்ட் பண்ணி, காசு ரெண்டு மடங்கு. எடுக்கேக்க அங்கேயே அளந்து பாத்துட்டு எடுங்கோ.

பிஸ்டன் ஃபோர்ஜ்ட் போடுங்கோ, வெளியில ஓடர் பண்ணித்தான் எடுக்கவேணும். ரிங் கேப் கொஞ்சம் கூட விடுங்கோ, இந்த போருக்கு நான் 0.45 மில்லிமீற்றர் விட்டன், பூஸ்ட்டில ரிங் சூடாகி நுனி ரெண்டும் முட்டினால் பிஸ்டனையே உடைச்சுப் போடும். எட்டு ரொட்டும் ஒரு கிராமுக்குள்ள ஒரே நிறையா இருக்கட்டும், நகைக்கடைத் தராசு ஒண்டு வாங்கினால் வீட்டிலேயே செய்யலாம். கிராங்க் நீளமெண்டபடியால் ஓடேக்க முறுகும், அந்த முறுக்கை அடக்கிறது முன்னுக்கு இருக்கிற டாம்பர்தான், அது பழுதெண்டால் புதுசா ரப்பர் போட்டு எடுங்கோ, அதோட சூப்பர்சார்ஜர் புலியை (பெல்ட் ஓடுற சில்லு) டாம்பரின்ர வெளி வளையத்தில பூட்டவே வேண்டாம், உள்ள ஹப்பில பொல்ட் பண்ணுங்கோ.

இனி சூப்பர்சார்ஜர். டொயோட்டா கிரவுன்ல 1ஜி ஜிஸட்இ எஞ்சினோட வந்த எஸ்சி14 கிடைச்சால் அளவு சரி, ஒரு சுத்துக்கு 1.42 லீட்டர் காத்து தள்ளும். ஈட்டன் எண்டால் எம்90 இதே அளவுதான், எம்க்குப் பிறகு இருக்கிற நம்பர் ஒரு சுத்துக்கு எத்தினை கியூபிக் இஞ்சி எண்டு காட்டும். கணக்கு லேசு. 4.3 லீட்டர் எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒருக்காத்தான் நிரம்பும், அப்ப ஒரு சுத்துக்கு 2.15, அதிலயும் முக்கால்வாசிதான் உண்மையா நிரம்பும் எண்டு வச்சால் 1.6 லீட்டர். கிராங்கில 180 மில்லிமீற்றர் புலி, புளோவர்ல (சூப்பர்சார்ஜரைத்தான் அப்பிடிச் சொல்றது) 100 போட்டால் 1.8 மடங்கு வேகம், 1.42ஐ 1.8ஆல பெருக்கி 15 வீதம் கசிவுக்குக் கழிச்சால் 2.17. அதை 1.6ஆல பிரிச்சால் 1.35, வெளிக்காத்தின்ர அழுத்தத்தை விட 0.35 மடங்கு கூட, அதாவது 5 பிஎஸ்ஐ. இது போதும். இந்த எஞ்சினின்ர கொம்பிரெஷன் 7க்குப் பக்கம், 1.35ஆல பெருக்கினால் 9.5 மாதிரி வரும், 95 ஒக்டேன் பெற்றோல்ல தட்டாமல் (பெற்றோல் தானா வெடிச்சு உள்ளுக்கு அடிக்காமல்) ஓடும். 124 குதிரைவலு எஞ்சின் 160க்குக் கிட்ட வரும், 4000 ஆர்பிஎம்முக்கு மேல மிதிக்க வேண்டாம்.

காபரேட்டருக்கு நான் ரெண்டு எஸ்யூ போட்டன், புளோவருக்கு முன்னால, அப்ப காத்தும் பெற்றோலும் சேர்ந்தே உள்ள போகும், பெற்றோல் ஆவியாகேக்க காத்தும் குளிரும். மொறிஸ் மைனர் ஓடின ஊர் இது, எஸ்யூ ஊசி மாத்தத் தெரிஞ்ச வயசான பாஸ்மார் இன்னும் இருக்கினம், அவையிட்டக் கேட்டுப் பழகுங்கோ. இந்த முறையில எல்லாக் காத்தும் புளோவருக்குள்ளாலதான் போகவேணும், அதால எஸ்சி14 கிளட்ச் எப்பவும் ஒன்ல இருக்கட்டும். ஐடில்ல உறிஞ்சுற வேகத்தில புளோவர் ஒயிலையும் உறிஞ்சும், சீல் புதுசு, உள் ஒயிலும் புதுசா போட்டுட்டு பூட்டுங்கோ. பிளீனத்தில, அதாவது புளோவர்ல இருந்து வர்ற காத்தை எட்டு சிலிண்டருக்கும் பிரிச்சுக் குடுக்கிற பெட்டியில, ஒரு ரிலீஃப் வால்வு கட்டாயம், சிலிண்டர் நெருப்பு இன்டேக் பக்கமாத் திரும்பி ஒருக்கா வெடிச்சால் அந்தப் பெட்டி முழுக்க பெற்றோல் ஆவி எண்டதை மறக்க வேண்டாம்.

பிளீனம்தான் நான் ஆகக் கூடக் கவனிக்கச் சொல்றது. எஞ்சின் காருக்குள்ள இருக்கேக்க பின்பக்கம் நாலு டிகிரி மாதிரி சரிஞ்சுதான் இருக்கும். நான் முதல் செஞ்ச அலுமினியப் பிளீனத்தின்ர அடி, ஹெட்டுக்கு நேரா இருந்தது. காலி வீதியில ஒரு ஞாயிறு விடிய ஓடிட்டு வந்து எட்டு பிளக்கையும் கழட்டி பேப்பர்ல வரிசையா வச்சால், 7ம் 8ம் கரி புடிச்சுக் கறுப்பு, 3ல இருந்து 6 மண்ணிறம், 1ம் 2ம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, பீங்கான்ல மிளகு தூவின மாதிரி சின்னச் சின்னப் புள்ளி. அந்தப் புள்ளி எஞ்சின் உள்ளுக்குத் தட்டுது எண்ட அறிகுறி, இன்னும் ரெண்டு ஓட்டம் ஓடியிருந்தால் பிஸ்டன் போயிருக்கும். ஈரப் பெற்றோல் சரிவில பின்னுக்கு ஓடுது, முன்னுக்குக் காய்ஞ்சுபோய்க் கிடக்கு. திரும்பச் செய்யேக்க, எஞ்சின் பூட்டின நிலையில அடி தரைக்கு மட்டமா வர்ற மாதிரி வெட்டி, ஒவ்வொரு போர்ட்டுக்கும் நடுவில 6 மில்லிமீற்றர் உயரத்தில ஒரு வரம்பு வெல்ட் பண்ணினன், வயலுக்கு வரம்பு கட்டுற மாதிரித்தான். அதோட சரியாப் போச்சு.

ஒட்சிசன் சென்சர் ஒண்டு காணாது, எக்சோஸ்ட் மனிபோல்டில முன்னுக்கு ஒண்டு பின்னுக்கு ஒண்டு போடுங்கோ, பூஸ்ட்டில ரெண்டும் 12க்குக் கிட்டக் காட்டவேணும், அதாவது நிறையில ஒரு பங்கு பெற்றோலுக்கு 12 பங்கு காத்து. பிளக் பத்துற டைமிங்கை ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் ஒரு டிகிரி பின்னுக்கு எடுங்கோ. ஃபயரிங் ஓடர் (சிலிண்டர் பத்துற வரிசை) 1-6-2-5-8-3-7-4, வயர் மாட்டேக்க சிலிண்டர் நம்பரை டேப்பில எழுதி ஒட்டுங்கோ.

வெள்ளவத்தை ட்ராஃபிக்கில நிக்கிற கார் எண்டால் கூலிங் சாதாரணமாப் போதாது. ரேடியேட்டர் கோர் புதுசு, கரண்ட் ஃபேன், அதோட ஹெட்டின்ர பின் நுனியில இருந்து ஒரு சின்ன ஹோஸ் எடுத்து ரேடியேட்டர் மேல் டாங்கில குடுங்கோ, 8ம் சிலிண்டருக்கு மேல காத்து அடைச்சு நிக்காது. காருக்கு எஞ்சின் மாத்தினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில நம்பரைப் பதியவேணும், அதை வேலை தொடங்க முந்தியே விசாரிச்சு வையுங்கோ.

ஸ்டார்ட் பண்ண முந்தி ஒயில் பம்பைச் சுத்தி ரொக்கர்ல ஒயில் வர்றதைக் கண்ணால பாருங்கோ. ஒயில் 20டபிள்யூ50, சிங்க் கூடினது. புது கேம் எண்டால் பத்தினதும் 20 நிமிசம் 2000 ஆர்பிஎம்ல விடவேணும், ஐடில்ல விட்டால் கேம் தேஞ்சுபோகும். ஆறினதும் ஹெட் பொல்ட்டை நடுவில இருந்து வெளியால ஒருக்கா இறுக்குங்கோ, 500 கிலோமீற்றர்ல திரும்ப ஒருக்கா, அண்டைக்கே ஒயிலையும் மாத்தி, பழைய ஒயிலை வெள்ளைத் துணியால வடிச்சு வெளிச்சத்தில பிடியுங்கோ, மினுமினுப்பா ஏதும் கிடந்தால் பெயாரிங் கப்பைக் கழட்டிப் பாக்காமல் ரோட்டுக்கு எடுக்க வேண்டாம்.