அமெரிக்க கம்ஃபர்ட் ஃபுட் ரெஸ்டாரண்ட்: ஆர்டர் கொடுக்கும் முன்

அமெரிக்காவில் கம்ஃபர்ட் ஃபுட், அதாவது வீட்டுச் சமையல் மாதிரியான உணவு தரும் தெருமுனைச் சின்ன ரெஸ்டாரண்டுக்குச் சாப்பிடப் போகிறீர்களா? கூட்டமாக இருந்தால் வாசலில் காத்து நிற்காதீர்கள், பார் கவுன்டரில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், பல இடங்களில் முழு மெனுவும் அங்கேயே கிடைக்கும். காக்டெயில் வேண்டுமென்றால் 21 வயது ஆகியிருக்க வேண்டும், தலை நரைத்தவரிடம்கூட சில இடங்களில் அடையாள அட்டை கேட்பார்கள், அதனால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

சைவம் சாப்பிடுபவர்கள்தான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். கொலார்ட் கீரை என்று பார்த்ததும் நம்ம கீரைதானே என்று வாங்கிவிடாதீர்கள், அதைப் பன்றிக்கால் துண்டு போட்டு மணிக்கணக்கில் வேகவைப்பது தென் மாநிலங்களின் வழக்கம். பேக்டு பீன்ஸில் பேக்கன் என்ற பன்றி இறைச்சி இருக்கலாம், மசித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றும் கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாறு, அவ்வளவு ஏன், பிளடி மேரி காக்டெயிலில் விடும் வொர்செஸ்டர்ஷையர் சாஸில்கூட பொதுவாக நெத்திலி உண்டு. "இது வெஜிடேரியனா?" என்று மொத்தமாகக் கேட்பதைவிட "பேக்கன், ஹாம், சிக்கன் ஸ்டாக் எதுவும் இருக்கிறதா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், சரியான பதில் வரும்.

அளவு ரொம்பப் பெரிது. ஒரு மேக் அண்ட் சீஸ் (சீஸ் சாஸ் கலந்த மக்ரோனி) இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும், மிஞ்சினால் கூச்சப்படாமல் பாக்ஸ் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் பில். மெனு விலையில் பொதுவாக வரி சேர்ந்திருக்காது, டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம் தனி. கூட்டமாகப் போனால் டிப்ஸைப் பில்லிலேயே சேர்த்துவிடுவதும் உண்டு, அப்படிச் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.