முதல் கடைத் திருட்டு வழக்கு: 'ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடலாம்' என்று கிளம்பும் முன்

பில் போடாத பொருளோடு சூப்பர் மார்க்கெட் வாசலில் பிடிபட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் காவல் நிலையம் போகிறவர்களின் குடும்பம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், இன்னைக்கே முடிச்சிடலாமா?" ஒரு நாளில் முடித்துக்கொண்டதற்கான விலையைப் பல வருஷம் கழித்து, வேலைக்கான போலீஸ் வெரிஃபிகேஷனில் கட்டுவார்கள். காவலாளியைத் தள்ளிவிட்டு ஓடக் கூடாது, எஸ்.ஐ.யிடம் எகிறக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்கிறவை மட்டும் இங்கே. 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்குப் புதிய சட்டங்கள் (குற்றமும் தண்டனையும் பி.என்.எஸ், வழக்கு நடைமுறை பி.என்.எஸ்.எஸ்) என்பதால் பிரிவு எண்கள் அவற்றின்படி.

கடையின் பின்னறையில் கடிதம் எழுதிக் கொடுப்பது

போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அதில் சொன்னதை வைத்துப் பொருள் கைப்பற்றப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் நிற்கும். இது பலருக்குத் தெரியும். ஆனால் கடை மேனேஜரிடம் "நான்தான் எடுத்தேன், மன்னிச்சிடுங்க" என்று எழுதிக் கொடுப்பது வேறு கதை. மேனேஜர் போலீஸ் அல்ல. அந்தத் தாள் சாட்சியமாக வரலாம். மிரட்டி வாங்கியது என்று பிறகு வாதாட முடியும், ஆனால் அந்த அறையில் நடந்ததற்குச் சாட்சி கடை ஆட்கள்தான். வெற்றுத்தாளிலும் செக்கிலும் கையெழுத்துப் போடவே கூடாது. பொருளின் விலைக்குப் பத்து மடங்கு 'அபராதம்' கேட்க எந்தக் கடைக்கும் அதிகாரம் இல்லை. குற்றம் செய்ததாகப் பிடித்தவரைத் தனியார் வைத்திருக்க முடியாது, தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் (பி.என்.எஸ்.எஸ் 40).

எஃப்.ஐ.ஆரில் பிரிவையும் மதிப்பையும் பார்க்காமல் விடுவது

வழக்கின் தலையெழுத்தே இந்த இரண்டு வரிகளில்தான். பி.என்.எஸ் 303(2) சாதாரணத் திருட்டு: மூன்று வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, இது முதல் தண்டனையாகவும் இருந்து, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை. இந்த வகைக்கு ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். வாரன்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யவும் முடியாது.

அதே பொருளுக்கு 305(ஏ) போட்டால் நிலைமை தலைகீழ். குடியிருப்பிலோ பொருள்களை வைத்துப் பாதுகாக்கும் கட்டடத்திலோ நடக்கும் திருட்டுக்கான பிரிவு அது. ஏழு வருஷம் வரை போகும், ஜாமீனில் விடுவது நீதிமன்றத்தின் கையில். கடையும் பொருள் வைத்திருக்கும் கட்டடம்தானே என்று இந்தப் பிரிவைப் போட்டுவிடுவார்கள். பழைய சட்டத்தில் 380 போட்ட பழக்கம் அப்படியே தொடர்கிறது. மதிப்பிலும் கவனம் வேண்டும்: 4,600-க்கு விற்கும் பொருளுக்கு ஸ்டிக்கரில் 5,200 என்றிருந்தால், எந்தத் தொகை புகாரில் ஏறியது என்பதுதான் எல்லைக்கோடு. கடையின் விற்பனை பில்லை அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஏழு வருஷம் வரையான குற்றங்களுக்கு உடனே கைது செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. பி.என்.எஸ்.எஸ் 35(3) நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு அழைக்கலாம். 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்திச் சொல்லிவிட்டது. நோட்டீஸ் வந்தால் அதில் சொன்ன நாளில் போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் கைது செய்ய நீங்களே காரணம் கொடுத்தது போல.

'ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடலாம்'

இத்தனை வருஷமாகியும் எரிச்சல் குறையாதது இதில்தான். நீதிமன்ற வராந்தாவில் யாரோ ஒருவர், சில சமயம் கறுப்புக் கோட்டுப் போட்டவரே, "குற்றத்தை ஒத்துக்கோ, ஃபைனோட போயிடும், அடுத்த வாய்தா கிடையாது" என்பார். பையன் தலையை ஆட்டுவான். கட்டும் தொகை ஒரு மாத செல்போன் பில் அளவுக்குக்கூட இருக்காது. ஆனால் பதிவேட்டில் ஏறியது திருட்டுக் குற்றத்துக்கான தண்டனை.

அதனால் இழப்பது என்னென்ன? ஒத்துக்கொண்டு பெற்ற தண்டனைக்கு, 'நான் செய்யவில்லை' என்று மேல்முறையீடு போக முடியாது. தண்டனை அதிகம் என்றோ சட்டப்படி சரியில்லை என்றோ மட்டும் கேட்கலாம். அடுத்த முறை தண்டனை பெற்றால், குறைந்தபட்சமே ஒரு வருஷம் கடுங்காவல், ஐந்து வருஷம் வரை போகும். சமூக சேவை என்ற சலுகை அப்போது கிடையாது, சமரசத்துக்கும் வழி அடைபடும்.

சமூக சேவையைப் பற்றியும் ஒரு தவறான நினைப்பு இருக்கிறது: 'கேஸே இல்லைன்னு விட்டுட்டாங்க.' இல்லை. அது சம்பளமில்லாத வேலை வடிவிலான தண்டனை. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகுதான் அது வரும்.

கதவுகளை இந்த வரிசையில் தட்ட வேண்டும். முதலில் சமரசம். 303(2) குற்றத்தைப் பொருளின் உடைமையாளர் நீதிமன்ற அனுமதி இல்லாமலேயே சமரசம் செய்துகொள்ளலாம் (பி.என்.எஸ்.எஸ் 359); சட்டத்தின் பார்வையில் அது விடுதலை. ஆனால் சங்கிலிக் கடையின் கிளை மேனேஜர் உடைமையாளர் அல்ல. நிறுவனத்தின் அதிகாரக் கடிதம் இல்லாமல் அவர் போடும் கையெழுத்தில் வழக்கு முடியாது. ஸ்டேஷனில் இரு தரப்பும் எழுதிக் கொடுத்த தாளாலும் எஃப்.ஐ.ஆர் போய்விடாது. 305 என்றால் மாஜிஸ்திரேட் முன் சமரசம் கிடையாது. உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ் 528-ன் கீழ் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும். பிரிவைப் பார்க்கச் சொன்னது இதற்கும்தான்.

சமரசம் நடக்கவில்லை, சாட்சியமும் பலமாக இருக்கிறது என்றால் அடுத்தது 1958-ம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். பிரிவு 3-ன் கீழ் எச்சரித்து விடலாம். பிரிவு 4-ன் கீழ் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். இப்படி விடப்பட்டவருக்கு, தண்டனையால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு வராது என்கிறது பிரிவு 12. ஃபைன் கட்டிவிட்டு வந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 21 வயதுக்குக் கீழே இருந்தால் பிரிவு 6 இன்னும் சாதகம். தண்டனை பற்றிக் கேட்கும் கட்டத்தில் வக்கீல் எழுத்து மூலம் மனு கொடுக்க வேண்டும். முந்தைய தண்டனை இல்லை, படிப்புச் சான்று, குடும்ப நிலை எல்லாம் அதில் இருக்கட்டும். கேட்காமல் தானாகக் கிடைக்கும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பிரிவு 12-க்கும் ஓர் எல்லை உண்டு: நடத்தையை வைத்து வேலை கொடுப்பவர் தனியாக முடிவெடுப்பதை அது தடுக்காது.

கேமராப் பதிவை மறப்பது

பழைய பதிவின் மேல் புதியது ஏறி அழிந்துவிடும். மறந்துபோய் பையில் கிடந்தது, பில் கவுன்ட்டருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன் என்பதுதான் உங்கள் பக்கம் என்றால் அதைக் காட்டப்போவது அந்தப் பதிவுதான். நேர்மையற்ற எண்ணம் இல்லாவிட்டால் திருட்டே இல்லை. பதிவைப் பாதுகாக்கக் கேட்டுக் கடைக்கும் ஸ்டேஷனுக்கும் முதல் சில நாளிலேயே எழுத்தில் கொடுங்கள். எதிர்த்தரப்பு அதைத் தாக்கல் செய்தால், மின்னணுப் பதிவுக்குத் தேவையான சாட்சியச் சட்டம் 63(4) சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வாய்தாவுக்குப் போகாமல் இருப்பது

பிடியாணை வரும். ஜாமீனில் வந்தவர் போகாமல் இருந்தால் அதுவே தனிக் குற்றம், ஒரு வருஷம் வரை சிறை.

வக்கீலுக்குக் காசில்லை என்று சும்மா இருப்பது

சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் செய்யுங்கள். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் உண்டு.

18 வயது ஆகாதவரைப் பெரியவர் போல நடத்த விடுவது

லாக்கப் கூடாது, கைவிலங்கு கூடாது, விவகாரம் சிறார் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டும். வயதுச் சான்றை அன்றே காட்டுங்கள்.

விண்ணப்பத்தில் 'குற்ற வழக்கு உண்டா?' என்பதற்கு 'இல்லை' என்று டிக் அடிப்பது

2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மறைத்த விஷயத்தின் தன்மையைப் பார்த்து வேலை தருபவர் முடிவெடுக்கலாம் என்றது. சின்ன வழக்கைச் சொன்னவர் தப்பிக்க வாய்ப்புண்டு. மறைத்தவருக்கு மறைத்ததே இரண்டாவது சிக்கல். தமிழ்நாடு காவலர் பணிக்கு விதி இன்னும் கடுமை: சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக்கூடக் குற்ற வழக்கில் தொடர்புடையவராகக் கணக்கில் எடுக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு, நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் அந்த நீதிமன்றத்தின் அனுமதி உத்தரவு வேண்டும். அமெரிக்க விசா படிவம் தண்டனையோடு நிற்பதில்லை, கைதானதுண்டா என்றே கேட்கிறது. எனவே எஃப்.ஐ.ஆர், இறுதி உத்தரவு இரண்டின் சான்றிட்ட நகலையும் வழக்கு முடிந்த மாதமே வாங்கி வையுங்கள். வருஷம் கழித்து ரெக்கார்டு ரூமில் தேடி எடுப்பது தனி அலைச்சல்.