மண்ணெண்ணெய் டிராக்டரை அணைக்கும் முன்

இங்கிலாந்தில் 1949-இல் வந்த ஃபெர்குசன் டி.இ.டி.20 போன்ற பழைய டிராக்டர்கள் பெட்ரோலில் கிளம்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறுபவை. குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. அதனால் அணைப்பதற்குச் சில நிமிடம் முன்பே எரிபொருள் குழாயின் திருகைப் பெட்ரோல் பக்கம் திருப்பிவிடுங்கள். எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிட்டால், மறுநாள் காலை இன்ஜினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள்தான் வலிக்கும்!

அப்புறம், ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஊற்றாமலே அளவு ஏறியிருக்கிறதா? மகிழ வேண்டாம். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் இறங்கியிருக்கிறது. விரலில் தொட்டால் நீர்த்திருக்கும், முகர்ந்தால் வாடை தெரியும். உடனே ஆயிலை மாற்றிவிடுங்கள். நீர்த்த ஆயிலால் பேரிங் தேய்ந்தால் ஆகும் செலவை நினைத்தால் இது சில்லறைக் காசு. குளிர்நாளில் இன்ஜின் சூடாகவே இருக்க ரேடியேட்டரின் முன்பக்கத்தைப் பாதி மறைத்து, சூட்டைக் கவனித்தபடி ஓட்டினால் இந்தத் தொல்லை குறையும்.