பாத்திக்கு மூடாக்கு: எத்தனை சாக்கு வாங்குவது?

சருகு, வைக்கோல், கரும்புத் தோகை, கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவுத் தூள்) என்று எதை வாங்கினாலும், மண்ணை மூடப் பரப்பும் இந்த மூடாக்கை எடை போட்டு வாங்கக் கூடாது. மழையில் நனைந்த தோகை காய்ந்ததைவிட எடை கூடுதலாக இருக்கும். ஆனால் அதனால் ஒரு சதுர அடிகூடக் கூடுதலாக மூட முடியாது. தண்ணீருக்குக் காசு கொடுத்ததாகத்தான் ஆகும். நமக்கு வேண்டியது இரண்டே அளவுகள்: எவ்வளவு பரப்பு, எத்தனை அங்குலக் கனம்.

முதலில் பரப்பு. டேப்பை எடுத்துப் பாத்தியின் உள்பக்கத்தை அளந்துகொள்ளுங்கள். வரப்பையும் செங்கல் ஓரத்தையும் சேர்க்க வேண்டாம். நீள்சதுரப் பாத்திக்கு நீளத்தை அகலத்தால் பெருக்கினால் போதும். சுவரோரம் திரும்பும் ‘ட’ வடிவப் பாத்தியில்தான் பலரும் தவறுவார்கள். ஒரு கை 15 அடி நீளம், இன்னொரு கை 8 அடி நீளம், அகலம் 2 அடி என்று வைத்துக்கொள்வோம். 30, 16 என்று இரண்டையும் கூட்டினால் மூலையில் இருக்கும் 4 சதுர அடி இரண்டு முறை வந்துவிடும். இரண்டாவது கையை மூலை தாண்டிய இடத்திலிருந்து 6 அடியாக அளந்தால் 30 + 12, ஆக 42 சதுர அடி. அதுதான் சரி.

மரத்தின் வட்டப்பாத்திக்கு, விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, அதை 0.785-ஆல் பெருக்குங்கள். 6 அடி விட்டமுள்ள எலுமிச்சைப் பாத்தி 36 × 0.785, அதாவது 28 சதுர அடி. தூரைச் சுற்றி அரை அடி விட வேண்டும் என்பதால் ஒரு சதுர அடியைக் கழித்து 27 என்று வைத்துக்கொள்ளலாம்.

காய்கறிப் பாத்தியில் செடி நிற்கும் இடங்களைக் கழிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. 2 அடி இடைவெளியில் கத்தரி நட்டு, ஒவ்வொரு தண்டைச் சுற்றியும் 3 அங்குலம் காலியாக விட்டால், செடிக்கு 0.2 சதுர அடிதான் போகும். மொத்தப் பரப்பில் அது நூற்றுக்கு ஐந்து. பரப்பும்போது சிதறுவதற்கு அது சரியாகிவிடும்.

அடுத்தது கனம். எல்லாப் பொருளுக்கும் ஒரே கனம் வைத்தால், சிலது செடியை மூச்சுத் திணற வைக்கும், சிலது களையையே தடுக்காது. பொடியாக இருப்பதை மெல்லிசாகவும், பிரிபிரியாக இருப்பதைத் தடிமனாகவும் போட வேண்டும். கோகோபீட்டுக்கு 1 முதல் 1½ அங்குலம் போதும். மரச்சில்லுக்கு 2 முதல் 3. வைக்கோல், சருகு, கரும்புத் தோகை ஆகியவற்றைப் பரப்பும்போது 4 அங்குலம் இருக்க வேண்டும். நாலைந்து முறை தண்ணீர் பாய்ந்ததும் அது பாதியாக அமுங்கி 2 அங்குலத்துக்கு வரும். களை விதைக்கு வெளிச்சம் போகாமல் தடுப்பது அந்த 2 அங்குலம்தான். பரப்பும்போதே 2 அங்குலம் போட்டால், பத்து நாளில் களை எட்டிப் பார்க்கும். (கோரை எத்தனை கனம் போட்டாலும் முளைத்து வரும் என்பது வேறு விஷயம். கிழங்கோடு தோண்டி எடுத்த பிறகே மூடாக்கு போடுங்கள்.)

பருவத்தையும் பாருங்கள். சித்திரை வெயிலுக்கு முழுக் கனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பாதி போதும். அடைமழையில் தடித்த மூடாக்கு நத்தைக்கும் அழுகலுக்கும் வீடு. ஆடிக் காற்றில் சருகைப் பரப்பினால் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குத்தான் மூடாக்கு போட்டதாகும். அந்த மாதத்தில் பரப்ப வேண்டியிருந்தால் நன்றாக நனைத்து, மேலே நாலு தென்னை மட்டையைக் குறுக்கே வையுங்கள்.

இனி பெருக்கல். பரப்பைக் கனத்தால் (அங்குலத்தில்) பெருக்கி 12-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். லிட்டரில் வேண்டுமானால் ஒரு எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒரு சதுர அடியை ஒரு அங்குலக் கனத்துக்கு மூட 2.36 லிட்டர். 100 சதுர அடிக்கு ஒரு அங்குலம் என்றால் 236 லிட்டர். ஒரு கன அடி 28.3 லிட்டர்.

கோகோபீட்டுக்கு இந்த லிட்டர் கணக்கு கச்சிதமாகப் பொருந்தும். 5 கிலோ கட்டியை 20 முதல் 25 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்தால் உதிர்ந்து சுமார் 65 முதல் 75 லிட்டர் ஆகும். மேலே சொன்ன 42 சதுர அடிப் பாத்திக்கு 1½ அங்குலம் போட 42 × 1.5 × 2.36, கிட்டத்தட்ட 149 லிட்டர். இரண்டு கட்டி 140 லிட்டரோடு நின்றுவிடும். மூன்று வாங்கி மீதியைத் தொட்டிச் செடிகளுக்குப் போடலாம். வாங்கும்போது உப்பு கழுவியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கழுவாதது என்றால் இலை ஓரம் கருகும். இன்னொரு தொந்தரவு, கோகோபீட் முழுக்கக் காய்ந்துவிட்டால் மேலே பொருக்கு கட்டித் தண்ணீரை உள்ளே விடாது. பூவாளியில் ஊற்றும் நீர் ஓரமாக ஓடிவிடும். அப்போது விரலால் கிளறிவிட்டு மெதுவாக ஊற்ற வேண்டும். மண்ணோடு கலக்கவும் வேண்டாம். பச்சை நார்க்கழிவு மட்கும்போது மண்ணில் இருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொண்டு செடியை மஞ்சளாக்கும். மரத்தூளுக்கும் இதே கதைதான். மேலாகக் கிடந்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

வைக்கோல், சருகு, தோகை விற்பவர்கள் சாக்குக் கணக்கில் தருவார்கள். சாக்கு ஒன்றானாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல: காலால் மிதித்து அடைத்த சாக்கு, லேசாகக் கொட்டிக் கட்டிய சாக்கைப்போல இரண்டு மடங்கு மூடும். இதற்குச் சூத்திரம் கிடையாது, சோதனை உண்டு. ஒரே ஒரு சாக்கு வாங்கி வாருங்கள். ஒரு குச்சியில் 4 அங்குலத்துக்குக் கோடு போடுங்கள். சாக்கைப் பாத்தியில் கொட்டி, கட்டியாக இருப்பதை உதறிப் பரப்பிக்கொண்டே போங்கள். ஐந்து இடத்தில் குச்சியை மண் வரை குத்திப் பாருங்கள். ஐந்திலும் கோடு வரை மூடியதும் நிறுத்தி, மூடிய இடத்தை அளந்துகொள்ளுங்கள். 5 அடிக்கு 2 அடி வந்தால் ஒரு சாக்கு 10 சதுர அடிக்கு. இனிமேல் கன அடியே தேவையில்லை.

12 × 4 அடிக் காய்கறிப் பாத்தி இரண்டு இருந்தால் 96 சதுர அடி. எலுமிச்சைக்கு 27. மொத்தம் 123, அதைப் பத்தால் வகுத்தால் 12.3 சாக்கு. அடுத்த சாக்கு இதே இறுக்கத்தில் இருக்காது என்பதால் நூற்றுக்குப் பத்து கூட்டிக்கொள்ளுங்கள்: 13.5, ஆக 14 சாக்கு. அதே வியாபாரியிடம் அதே மாதிரி அடைத்ததையே கேளுங்கள். ஆளை மாற்றினால் மறுபடி ஒரு சாக்கைக் கொட்டிப் பார்க்க வேண்டும்.

விலையை ஒப்பிடுவதற்கும் இந்த அளவுதான் கைகொடுக்கும். கணக்குக்காகச் சாக்கு 60 ரூபாய், கோகோபீட் கட்டி 150 ரூபாய் என்று வைப்போம். சாக்கு 10 சதுர அடியை மூடினால் சதுர அடிக்கு 6 ரூபாய். 70 லிட்டர் கட்டி 1½ அங்குலத்துக்குச் சுமார் 20 சதுர அடி மூடும். சதுர அடிக்கு ஏழரை ரூபாய். பார்க்கும்போது இரண்டரை மடங்கு விலையாகத் தெரிந்தது, மூடும் இடத்தில் ஒன்றரை ரூபாய் வித்தியாசத்தில் வந்து நிற்கிறது.

பெரிய தோட்டத்துக்கு லோடாக எடுப்பவர்கள் ‘ஒரு வண்டி’ என்று பேசி முடிக்காதீர்கள். மணல், ஜல்லி போல யூனிட்டில் பேசுங்கள்: ஒரு யூனிட் 100 கன அடி. அல்லது வண்டியின் தொட்டியை அளந்துகொள்ளுங்கள். டாடா ஏஸ் போன்ற சின்ன வண்டியின் தொட்டி சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், பக்கப் பலகை ஏறக்குறைய 1 அடி. பலகை மட்டத்துக்கு நிரப்பினால் 35 கன அடிக்குள்தான். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அதற்கு 3 அங்குல மரச்சில்லு போட 109 கன அடி வேண்டும். பலகை மட்டம் என்றால் மூன்று நடை ஓடியும் கொஞ்சம் குறையும். குவித்து ஏற்றித் தார்ப்பாய் கட்டுவார்கள், அதனால் மூன்று நடையில் முடிந்துவிடலாம். ஆனால் பேசும்போது கன அடியைச் சொல்லிப் பேசுங்கள்.

தென்னைக்கு எண்ணிக்கையே போதும். 1.8 மீட்டர் ஆரமுள்ள பாத்திக்கு 100 தேங்காய் மட்டை, அல்லது 15 காய்ந்த ஓலை என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மட்டையின் குழிவான பக்கம் கீழே, முதுகு மேலே பார்த்தபடி அடுக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் இன்னும் சில சங்கதிகள். பாத்தி ஓரம் மண்ணைவிட ஒரு அங்குலம்தான் உயரம் என்றால் 4 அங்குலச் சருகு வழிந்து நடைபாதைக்கு வரும். ஓரத்தில் மண்ணைக் கொஞ்சம் வழித்து நடுவில் போட்ட பிறகு பரப்புங்கள். வைக்கோலில் கருக்காயோடு நல்ல நெல்லும் ஒட்டியிருந்தால் பாத்தியில் நாற்றங்கால் முளைத்துவிடும். ஒரு பிடி உருவிக் கையில் கசக்கிப் பார்த்து வாங்குங்கள். பச்சைப் புல்லை வெட்டிய உடனே தடிமனாகப் போட்டால் சூடேறி, வழுவழுவென்று நாறும். இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்துங்கள். செம்மண்ணில் கறையான் தொல்லை இருந்தால், காய்ந்த மூடாக்கை அடிக்கடி நனைத்துக் கிளறிவிடுங்கள். எலுமிச்சையில் தூரை ஒட்டி ஈர மூடாக்கு கிடந்தால் பட்டை அழுகிப் பிசின் வடியும். அந்த அரை அடி இடைவெளி அதற்குத்தான். விதை தெளித்த பாத்திக்கு, நாற்று ஒரு சாண் உயரம் வரும்வரை எதுவும் போட வேண்டாம். சொட்டுநீர்க் குழாய் மூடாக்குக்கு அடியில் கிடக்கட்டும். காய்ந்த மண்ணை மூடினால் காய்ந்தபடியே இருக்கும், முதல் நாள் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் பரப்புங்கள்.

ஒரு வருடத்துக்கும் சேர்த்து வாங்கி அடுக்க வேண்டாம். வைக்கோல் சாக்கில் எலி குடியேறும், மழையில் பூஞ்சை பிடிக்கும். முதலில் கணக்கிட்டதை மட்டும் வாங்குங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அதே குச்சியால் குத்திப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்குக் கீழே போயிருந்தால், முதலில் வாங்கியதில் பாதி, நம் கணக்குக்கு 7 சாக்கு, மேலே போட்டால் போதும். கரும்புத் தோகை மெதுவாகத்தான் மட்கும், அதற்கு இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாம்.