நெட் கேபிளுக்குத் தனி பைப் போடுங்கள்

வீட்டைப் புதுப்பிக்கும்போது சுவரை வெட்டி கரண்ட் பைப் பதிக்கிறார்கள் என்றால், நெட் இணைப்பைக் கொண்டுபோகும் லேன் கேபிளுக்கென்று 25 மி.மீ. பைப் ஒன்றைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள். பின்னாளில் கேபிள் பழுதானாலோ வேறு வகை தேவைப்பட்டாலோ கயிற்றில் கட்டி இழுத்தால் போதும், பூச்சை உடைக்க வேண்டாம். திருப்பங்களில் சட்டென்று மடங்கும் எல்போ கூடாது, மெல்ல வளையும் நீண்ட பெண்டுதான். எல்போவில் கேபிள் சிக்கிக்கொள்ளும். கரண்ட் வயர் போகிற பைப்பிலேயே இதையும் விட்டுவிடலாம் என்பார்கள், சம்மதிக்காதீர்கள்: சிக்னல் கெடுவது இருக்கட்டும், ஷாக் அடிக்கும் ஆபத்தும் உண்டு. அப்புறம், லேன் கேபிளில் கேட் 6 என்ற வகையே போதும், ஆனால் முழுச் செம்பா என்று பார்த்து வாங்குங்கள்.

பெயிண்ட் மட்டும் அடிக்கிறவர்களுக்கும் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் இது சரிவராது. அவர்கள் சுவரோரம் கேசிங் பட்டி (கேபிளை உள்ளே வைத்து மூடும் பிளாஸ்டிக் பட்டி) ஒட்டிக்கொள்ளலாம்.