டெல்லி–டோக்கியோ: விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

டெல்லியிலிருந்து டோக்கியோவுக்கு எவ்வளவு தூரம் என்று தேடினால் இணையம் நொடியில் விடை தந்துவிடும். ஆனால் போகும்போது ஏறத்தாழ ஏழரை மணி நேரமும் திரும்பும்போது ஒன்பதரை மணி நேரமும் ஏன் ஆகிறது என்பது, கணக்கை ஒருமுறை நாமே போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரே இதற்குப் போதும். அது பாகை அளவில் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: விமான நிலையங்களின் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டெல்லி இந்திரா காந்தி விமான நிலையம் 28.57 பாகை வடக்கு, 77.10 பாகை கிழக்கு. டோக்கியோவின் ஹனேடா 35.55 வடக்கு, 139.78 கிழக்கு. தீர்க்கரேகை வேறுபாடு 62.68 பாகை.

படி 2: பூமி உருண்டை என்பதால், தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் சரிவராது. இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.278 வரும். அவற்றின் கோசைன் மதிப்புகளோடு தீர்க்கரேகை வேறுபாட்டின் கோசைனையும் சேர்த்துப் பெருக்கினால் 0.328. இரண்டையும் கூட்டி, 0.606 எந்தக் கோணத்தின் கோசைன் என்று பார்த்தால் 52.7 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் 5,860 கி.மீ. கிடைக்கிறது. இதுவே மிகக் குறுகிய வழியான பெருவட்டத் தூரம்.

படி 3: மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் இத்தூரத்துக்கு ஆறரை மணி நேரம் ஆகும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: பெருவட்டப் பாதை திபெத் பீடபூமியின் மீது செல்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானி உடனே சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். பயணிகளின் முகமூடிகளுக்கு வரும் ஆக்சிஜன் பொதுவாகக் கால் மணி நேர அளவுக்கே இருக்கும். தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இடத்தில் அப்படி இறங்க வழியில்லை. ஆகவே விமானங்கள் பெரும்பாலும் தெற்கே விலகி, மியான்மர் வழியாகச் சீனாவுக்குள் நுழைகின்றன. சில நூறு கி.மீ. கூடுவதால் 6,200 என்று வைத்துக்கொள்வோம்.

படி 5: இந்தக் கணக்கின் உயிர்நாடி காற்றுதான். விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கி.மீ.யையும் தாண்டுவதுண்டு. 1920களில் ஜப்பானின் தாதேனோ வானிலை ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு இதைப் பதிவு செய்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வசபுரோ ஓயிஷி. அவர் தம் முடிவுகளை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டதால் வெளியுலகில் அவை பெரிதும் கவனிக்கப்படாமல் போயின என்பது வருத்தத்துக்குரியது. வழிநெடுகச் சராசரியாக 100 கி.மீ. காற்று என்று கொண்டால், போகும்போது தரைவேகம், அதாவது தரையை வைத்து அளக்கும் வேகம், 1,000, திரும்பும்போது 800. முன்னதற்கு ஆறே கால் மணி நேரமும் பின்னதற்கு ஏழே முக்கால் மணி நேரமும் ஆகும். படி 3இல் சொன்ன அரை மணியோடு, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் தரையிறங்கக் காத்திருப்பதும் அட்டவணை நேரத்தில் அடங்கும். குளிர்காலத்தில் வித்தியாசம் இன்னும் பெருகும்.

படி 6: பயணச்சீட்டில் உள்ளவை அந்தந்த ஊர் நேரங்கள். டோக்கியோ இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் முன்னே இருக்கிறது. இரவு 8 மணிக்குப் புறப்பட்டுக் காலை 7 மணிக்குச் சேர்வதாக இருந்தால், 11 மணியில் மூன்றரையைக் கழியுங்கள்: ஏழரை. டோக்கியோவில் பகல் 11 மணிக்குக் கிளம்பி டெல்லிக்கு மாலை 5 மணிக்கு வந்தால், 6 மணியோடு மூன்றரையைக் கூட்டுங்கள்: ஒன்பதரை.