@ அடித்தால் " வந்த கதை

போன மாதம் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். முதல் நாளே மின்னஞ்சலுக்குள் போக முடியவில்லை. கடவுச்சொல் தவறு என்றே திரும்பத் திரும்ப வந்தது. நான்காவது முறை, பக்கத்திலிருந்த கண் படத்தை அழுத்திப் பார்த்தேன். நான் @ அடித்த இடத்தில் " உட்கார்ந்திருந்தது!

விசைதான் கெட்டுவிட்டது என்று நினைத்து ஊதினேன், தட்டினேன், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்தும் பார்த்தேன். சிரிக்காதீர்கள். அப்புறம் நோட்பேடைத் திறந்து ஷிஃப்டை அழுத்தியபடி ஒவ்வொரு விசையாக அடித்தேன். 2-க்கு ", 3-க்கு £. என்டருக்குப் பக்கத்தில் இருக்கும் மேற்கோள் விசையில் @. அந்தப் பவுண்டு குறிதான் காட்டிக்கொடுத்தது. கையில் இருந்தது நம் ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் அமெரிக்க விசைப்பலகை. விண்டோஸோ அதைப் பிரிட்டன் விசைப்பலகை என்று நம்பிக்கொண்டிருந்தது. விசை மேல் இருப்பது வெறும் அச்சு. திரையில் எது வரவேண்டும் என்று முடிவுசெய்வது உள்ளே தேர்ந்தெடுத்திருக்கும் அமைப்பு.

சரி, தெரிந்தபின் வேலை இரண்டு நிமிடம். அமைப்புகளில் நேரம், மொழி பகுதிக்குப் போய் ஆங்கிலம் (இந்தியா) விசைப்பலகையைச் சேர்த்தேன், பிரிட்டனுடையதை நீக்கினேன். இரண்டும் இருந்தால் விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கை தவறிப் பட்டால் மறுபடி அதே கூத்து. இந்திய அமைப்பில் வலது ஆல்ட்டுடன் 4 அடித்தால் ₹ வருகிறது. அது எனக்குக் கூடுதல் லாபம்.